மாமாவின் ஜீப்பும் கோமாரி மணலும்

எங்கள் விருதுநகரில் ஒருவனைச் சூடேற்ற வேண்டுமென்றால் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று ஒரு வார்த்தை போதும். மாமனார் வீட்டில் சேர்ந்தாற்போல இரண்டு வாரம் தங்கிவிட்டார் என்பதற்காக என் பெரிய மச்சானை ஊர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரனான எனக்கு, இலங்கையின் கிழக்குக் கரையில் ஊர் ஊராக எல்லா ஆண்களும் வீட்டோட மாப்பிள்ளைகள்தான் என்று தெரியவந்தபோது சிரிப்பதா பொறாமைப்படுவதா என்று புரியவில்லை. வீடு பெண்ணுக்கு. பெண்ணைப் பெற்றவர் கட்டிக் கொடுத்துவிடுகிறார். மாப்பிள்ளை பெட்டியோடு போய் இறங்க வேண்டியதுதான் பாக்கி.

"அதுல என்ன அண்ணன் வெட்கம்? எங்கட பக்கம் மாப்பிள்ளை எண்டா ராசா மாதிரி" என்பான் ரிஸ்வான். தோஹாவில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன் அவன். மருதமுனையில் பிறந்து, சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போனவன். விடுமுறை நாட்களில் நாங்கள் இருவரும் பாலைவன மணல்மேடுகளில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள். அதிலே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "எங்கட ஊருக்கு வாங்க. கடல், களப்பு, காடு மூணும் ஒரே இடத்துல இரிக்கி. ஜீப்புல போய்க் கூடாரம் அடிப்பம்" என்று அவன் இரண்டு வருடமாக நச்சரித்தான். இந்த முறை அவன் லீவில் போனபோது நானும் பின்னாலேயே போய்விட்டேன்.

கல்முனையில் நான் இறங்கியது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். பாதிக் கடைகள் இழுத்துச் சாத்தியிருந்தன. இதென்னடா பெரிய வியாபார ஊர் என்றானே என்று நான் முகத்தைச் சுளித்து முடிப்பதற்குள் தொழுகை முடிந்தது. அவ்வளவுதான். புடவைக் கடை, நகைக் கடை, பேன்சிக் கடை என்று ஷட்டர்கள் வரிசையாக மேலே போயின. ஆட்டோக்கள் எங்கிருந்தோ பொங்கி வந்தன. பஸ் நடத்துநர்கள் அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தொண்டை கிழியக் கூவினார்கள். எங்கள் பஜார் தீபாவளிக்கு முந்தின நாள்தான் இப்படி இருக்கும்.

ரிஸ்வான் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போனான். வழி முழுக்க வீடும் கடையும் பள்ளிவாசலும் மூச்சுவிட இடமில்லாமல் நெருங்கி நின்றன. "இப்ப கல்முனைக்குடி முடிஞ்சு சாய்ந்தமருது வந்துட்டு" என்றான்.

"எங்கேடா முடிஞ்சுது?"

"அந்தக் கடைக்கும் இந்தக் கடைக்கும் நடுவுல."

அன்று சாயங்காலம் கொத்துரொட்டி. நான் பரோட்டா ஊர்க்காரன். எங்கள் எண்ணெய் பரோட்டாவைத் தாண்டி உலகத்தில் ஒன்றுமில்லை என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இரும்புத் தட்டில் கடைக்காரர் இரண்டு கையாலும் கொத்திய வேகத்தையும், கடைசியில் அவர் ஊற்றிய மாட்டிறைச்சிக் குழம்பின் மணத்தையும் பார்த்தபின் காலரை இறக்கிவிட்டேன். இதை ஊரில் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ரிஸ்வானின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி சுதன் அங்கே வந்து சேர்ந்தான். காரைதீவுக்காரன், வயரிங் வேலை செய்பவன், வாய் ஓயாதவன். மறுநாள் பயணத்துக்கு நாங்கள் மூன்று பேர்தான்.

இரவுச் சாப்பாடு மூவருக்கும் ரிஸ்வானின் மாமனார் வீட்டில். ஊரில் அவரை ஹாஜியார் என்கிறார்கள். சம்மாந்துறைப் பக்கம் வயல் வைத்து வேளாண்மை செய்கிறவர். கட்டை மீசை, வெள்ளைச் சாரம், அதிகம் பேசாத வாய். பாயில் நடுவே ஒரு பெரிய தாம்பாளம் வந்தது. அதை சஹன் என்கிறார்கள். நெய்ச்சோறு, இறைச்சி, கத்தரிக்காய்ப் பிரட்டல் எல்லாம் அதிலேயே. சுற்றி உட்கார்ந்து நான்கு பேரும் அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். முன்பின் தெரியாத மனிதரோடு ஒரே தட்டில் கைவைப்பது எனக்கு அதுதான் முதல்தடவை. கூச்சம் ஒரு கவளத்துக்குத்தான். பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்து ஹாஜியார் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில்கூட எனக்கு அப்படி யாரும் தள்ளியதில்லை.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். ஹாஜியார் நிமிராமல், உள்வாசலைப் பார்த்துச் சொன்னார்: "மகள், மாப்பிள்ளைட்டக் கேளு, கறி காணுமா, இன்னும் வைக்கிறதா எண்டு."

வாசலுக்கு அந்தப் பக்கமிருந்து ரிஸ்வானின் மனைவி பர்ஸானாவின் குரல்: "கறி காணுமா எண்டு வாப்பா கேக்கிறார்."

"காணும் எண்டு சொல்லுங்க" என்றான் ரிஸ்வான்.

"காணுமாம் வாப்பா."

மாமனார் விரலும் மருமகன் விரலும் ஒரே சோற்றில் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன. பேச்சு மட்டும் சமையலறை வரை போய்ச் சுற்றி வருகிறது! எனக்குப் புரையேறிவிட்டது. சுதன் முதுகில் தட்டினான்.

"எல்லா வீட்டிலயும் இப்படி இல்ல அண்ணன்" என்று பிறகு முற்றத்தில் வைத்து ரிஸ்வான் விளக்கினான். "எங்கட மாமா பழைய ஆள். மாப்பிள்ளைட்ட முகம்பார்த்துக் கதைச்சா மரியாதை குறைஞ்சிரும் எண்டு நினைக்கிறவர். எனக்கும் அவரக் கண்டா நாக்கு ஒட்டிக்கிரும். கலியாணம் முடிஞ்சு ஒரு வருசம். இன்னும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைச்சதில்ல."

பிறகு குரலைத் தாழ்த்தி, அவன் தன்னை அரித்துக்கொண்டிருந்த விஷயத்தைச் சொன்னான். பர்ஸானா முழுகாமல் இருக்கிறாள். அவனுக்குத் தோஹா போதுமாகிவிட்டது. ஊரோடு நின்று மாமாவோடு சேர்ந்து வேளாண்மை செய்ய ஆசை. ஆனால் கேட்கத் துணிச்சலில்லை. சொத்தில் கைவைக்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டால்? கம்பெனியிலோ, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறாயா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"மாமாட ஜீப்ப அவர்ர தம்பி மகன் கேட்டே குடுக்கல்ல. நான் பர்ஸானாட்டச் சொல்லிக் கேட்டன். ஒண்டும் சொல்லல்ல. விடியப் பார்த்தா, சாவி மேசையில கிடக்கு. ஒரு கீறல் விழாமக் கொண்டுவந்து விட்டுட்டன் எண்டா, அந்தத் துணிச்சல்ல ஞாயிற்றுக்கிழமை கேட்டிருவன் அண்ணன்."

ஆக, எனக்கு அது உல்லாசப் பயணம். அவனுக்கு வாழ்க்கைப் பரீட்சை.

சனிக்கிழமை வெள்ளென எழுந்தால் முற்றத்தில் அந்த ஜீப் நிற்கிறது. பழைய டீசல் வண்டி. என் வயது இருக்கும். என்னைவிட நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தது. ஹாஜியார் பானட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே மகளிடம் சொல்ல, மகள் கணவனிடம் சொன்னாள். டீசல் நிரப்பியிருக்கு. ரேடியேட்டருக்குத் தண்ணி பாருங்க. பிரேக்கைக் கொஞ்சம் முன்னுக்கே மிதிக்கணும். பர்ஸானா தன் பங்குக்குச் சோற்றுப் பார்சல், வட்டிலப்பம் என்ற இனிப்பு, பன்புல்லில் பின்னிய இரண்டு புதிய பன்பாய் எல்லாவற்றையும் பின்னால் அடுக்கினாள்.

"மணல்ல ஓட்ட வேற ஏதும் தெரிஞ்சிக்கணுமான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றேன்.

"சும்மா இருங்க அண்ணன். ஜீப் ஓடத் தெரியாதவன் எண்டு நினைப்பார்" என்று ரிஸ்வான் பல்லைக் கடித்தான். நானும் விட்டுவிட்டேன். பாலைவனத்தையே பார்த்தவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது என்ற திமிர்தான்.

ஒலுவிலில் துறைமுகத்துக்கு அருகே இறங்கித் தேநீர் குடித்தோம். மீன்பிடிப் படகுகள் மஞ்சளும் நீலமுமாக ஒட்டி ஒட்டி நின்றன. கொஞ்சம் தள்ளிக் கரையைக் கடல் கடித்து இழுத்திருந்தது. வேரோடு சாய்ந்த தென்னைகள் அலைக்குள் தலைவைத்துக் கிடந்தன. "என்ட சின்ன வயசுல அங்க பந்தடிச்சிருக்கம்" என்று சுதன் கைகாட்டிய இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு என்னவோ செய்தது.

திருக்கோவில் தாண்டியதும் ஊர்கள் இளைத்து, புதர்க்காடும், களப்பு என்று அவர்கள் சொல்லும் உப்பங்கழியும், வெளிச்சமும் மட்டும் மிஞ்சின. வழியில் ஒரு பெண்மணி மரத்தடியில் எருமைத் தயிரைச் சட்டி சட்டியாக அடுக்கி விற்றுக்கொண்டிருந்தாள். சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள், தயிர் விழவில்லை. "இந்தியாவில இப்பிடி இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அது எப்பிடி இருக்கும்?" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அந்தப் பெருமிதத்துக்காகவே இன்னொரு சட்டி வாங்கினேன்.

கோமாரிக்கு அப்பால் தார்ச்சாலையை விட்டு இறங்கினோம். முள்ளுப் புதருக்குள் மணல்தடம். ஜீப் ஆடி அசைந்து, முனகி, ஆனால் ஒரு இடத்திலும் நிற்காமல் போனது. ஓரிடத்தில் யானை லத்தி, இன்னும் ஈரமாக. சுதன் இறங்கிப் பார்த்துவிட்டு, "விடிய வந்திட்டுப் போயிருக்கார். இனி வரமாட்டார்" என்றான், ஏதோ தபால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

கடைசியில் மரங்கள் விலகின. இடதுபுறம் கடல், வலதுபுறம் அசையாத களப்பு, நடுவே எங்களுக்கென்றே விட்டுவைத்த மாதிரி ஒரு மணல் திட்டு. நான் பார்த்த கடற்கரைகளில் எல்லாம் சுண்டல் வண்டியாவது நிற்கும். இங்கே கொக்குகளைத் தவிர ஆளில்லை. வண்டி நிற்பதற்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்துவிட்டேன்.

அந்திக்குள் கூடாரம் அடித்தோம். வெயில் தாழ்ந்ததும் தூரத்தில் கரைவலை இழுக்க வந்தவர்களிடம் சுதன் போய் இரண்டு பாரை மீன் வாங்கி வந்தான். மஞ்சளும் மிளகும் தடவிச் சுள்ளியில் சுட்டோம். மஃரிப் நேரம் வந்ததும் ரிஸ்வான் பன்பாயை விரித்துத் தொழப் போனான். மீன் கருகாமல் திருப்பிப் போடுவதும், அவனுக்கு இஞ்சிப் பிளேன்டீயைச் சூடாக வைத்திருப்பதும் சுதன் வேலை. கேட்டுச் செய்ததில்லை, பள்ளிக்கூடக் காலம் முதல் அப்படித்தானாம். அந்த மீனுக்கும், தயிருக்கும், அதில் ஊற்றிய பாணிப் பாகுக்கும் ஈடாக எந்த நட்சத்திர ஓட்டலையும் நான் இனி மதிக்கப் போவதில்லை.

பர்ஸானாவின் போன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "ஜீப்ப மேட்டுல நிப்பாட்டினீங்களா எண்டு வாப்பா கேக்கிறார்." "நிப்பாட்டியாச்சு எண்டு சொல்லுங்க." பின்னணியில் ஹாஜியாரின் இருமல் தெளிவாகக் கேட்கும்.

ஞாயிறு காலையில்தான் சனி பிடித்தது. வந்த தடத்திலேயே திரும்பியிருக்கலாம். நான்தான், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் கோடைக்கு மணல் மூடிக் கிடக்கிறதே, அதன்மேல் ஓட்டிக் கடந்தால் எப்படி இருக்கும் என்று ஆரம்பித்தேன். ரிஸ்வான் தயங்கினான். "நாலு சக்கரத்துக்கும் போடுற லீவரைப் போடு. டயர்ல காத்தைக் குறை. நான் இருக்கேன்ல, மிதி" என்றேன்.

மிதித்தான். பாதி தூரம் பட்டுப்போல ஓடிற்று. பிறகு பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்து, உறுமி, உட்கார்ந்தது. மறுபடி மிதித்ததும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. கடல் பக்கத்துச் சக்கரத்தை ஒரு அலை வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

தோண்டினோம், தள்ளினோம். மணல் அள்ளிய இடத்தில் தண்ணீர் ஊறியது. தூரத்தில் வலைகாரர்கள் தெரிந்தார்கள். சுதன் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினான். "வலை பாதியில நிக்குதாம். கரைக்கு வந்தாப் பிறகு எல்லாரும் வாறமெண்டு சொல்றாங்க." அதுவரைக்கும் கடல் காத்திருக்குமா? அலை இப்போது கதவுக்குக் கீழே வந்து அடித்தது. ரிஸ்வானைப் பார்க்கச் சகிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், "யா அல்லாஹ், மாமாட ஜீப்பு, மாமாட ஜீப்பு" என்று அதையே சொல்லிக்கொண்டு கையால் மணலைப் பிறாண்டினான்.

முன்னால் நின்று தள்ளிய சுதன்தான் சொன்னான்: "மச்சான், பின்சில்லு மட்டுந்தான் சுத்துது. முன்சில்லு சும்மா கிடக்கு."

"இருக்காது. லீவரைப் போட்டாச்சே" என்றேன்.

"அண்ணன், நீங்களே வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். முன்சக்கரம் அசையவே இல்லை. தோஹாவில் ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கும் சுற்றும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அங்கே, முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

ரிஸ்வான் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான். "பர்ஸானா, ஜீப் மணலுக்க இறங்கிட்டு. முன்சில்லு சுத்தாட்டி என்ன செய்யிற எண்டு வாப்பாட்டக் கேளு."

"வாப்பா, முன்சில்லு சுத்துதில்லையாம்."

தூரத்தில் அவர் குரல்: "குமிழத் திருகினதா எண்டு கேளு."

"குமிழத் திருகினீங்களா எண்டு கேக்கிறார்."

"என்ன குமிழ்?"

"வாப்பா, என்ன குமிழ் எண்டு கேக்கிறாங்க."

அடுத்த அலை ஜீப்பையே ஒரு உலுக்கு உலுக்கியது. ரிஸ்வான் கத்தினான்: "பர்ஸானா, போன மாமாட்டக் குடு!"

அந்தப் பக்கம் போன் கைமாறும் சரசரப்பு கேட்டது.  பிறகு கனத்த குரல் வந்தது. "மாப்பிள்ளை."

"மாமா…"

"முன்சில்லுக்கு நடுவுல, வெளிப்பக்கம், கையால பிடிக்கிற மாதிரி ஒரு குமிழ் இரிக்கி. ரெண்டு சில்லுலயும். வலப்பக்கமா முழுக்கத் திருகுங்க. திருகாட்டி லீவரப் போட்டும் வேலையில்ல. சில்லுக்குக் கீழ ஏதும் போட்டுட்டுப் பையப்பைய எடுங்க."

"சரி மாமா."

"மாப்பிள்ளை, ஏலாட்டி விட்டுட்டு வாங்க. ஜீப் போனாப் போகட்டும். நீங்க தண்ணிக்க நிக்காதீங்க."

ரிஸ்வான் போனை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். உப்புத் தண்ணீர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

குமிழ் மணலுக்குள் புதைந்து கிடந்தது. தோண்டித் திருகினோம். பர்ஸானாவின் இரண்டு புதிய பன்பாயையும் முன்சக்கரத்துக்கு அடியில் செருகினோம். நானும் சுதனும் தோள்கொடுக்க, ரிஸ்வான் மெதுவாக எடுத்தான். முன்சக்கரம் பாயைக் கவ்வியது. நார் நாராகப் பிய்த்தது. ஜீப் ஒரு துள்ளுத் துள்ளி மேட்டில் ஏறி, அங்கே கிடந்த ஒரு கட்டையில் மோதி நின்றது. பம்பரின் இடது முனை வளைந்துவிட்டது. நாங்கள் மூவரும் மணலில் அப்படியே மல்லாந்து விழுந்தோம். கரைக்கு வந்த வலைகாரர்கள், "அதுக்குள்ள எடுத்திட்டீங்களா?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்கள்.

திரும்பும் வழியில் ஒரு வாய்க்காலில் இறக்கி, உப்புப் போக ஜீப்பை மேலும் கீழும் கழுவினோம். ரிஸ்வான் வளைந்த பம்பரையே திரும்பத் திரும்பத் துடைத்தான். கடைசியில், "இனிக் கேட்கமாட்டன் அண்ணன். ரெண்டு நாளைக்கு ஒரு ஜீப்பப் பார்த்துக்க ஏலாதவன் வயல எப்படிப் பார்ப்பான்? நாளைக்குக் கம்பெனிக்கு ஓம் எண்டு சொல்லிருவன்" என்றான். எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்தான். எனக்கு என்னையே அறைய வேண்டும்போல இருந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருது சேர்ந்தோம். சுதன் வழியிலேயே நழுவிவிட்டான். ஹாஜியார் வாசலில் நின்றார். ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். வளைந்த பம்பரைத் தடவிப் பார்த்தார். பர்ஸானா தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"மகள், மாப்பிள்ளைக்குச் சொல்லு…" என்று ஆரம்பித்தார்.

"வாப்பா, காலையில நேராத்தானே கதைச்சீங்க? இப்ப மட்டும் நான் என்னத்துக்கு? எனக்கு நிக்க ஏலாது, காலெல்லாம் வீங்குது" என்று கோப்பைகளை ணங்கென்று திண்ணையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மாமனாரும் மருமகனும் நடுவே ஆளில்லாமல் நின்றார்கள். நானும் உள்ளே ஓடிவிடலாமென்றால், அதற்குள் எடுத்துவிட்ட தேத்தண்ணி கையில் கொதிக்கிறது.

"அந்தக் குமிழ நான் சொல்லியிருக்கணும்" என்றார் ஹாஜியார், பம்பரைப் பார்த்தபடி. "மாப்பிள்ளைக்குப் போய் இதச் சொல்லிக் குடுக்கிறதா எண்டு விட்டுட்டன்."

"நான் கேட்டிருக்கணும் மாமா. ஒண்டும் தெரியாதவன் எண்டு நினைப்பீங்க எண்டு பயந்துட்டன்."

பிறகு ரிஸ்வான் என்னைப் பார்த்தான். கேளுடா என்று கண்ணைக் காட்டினேன். அவன் மாமாவிடம் ஒரு எட்டு நெருங்கி, "மாமா, இன்னொண்டும் கேக்கணும். நான் தோஹாவுக்குப் போகாம நிண்டா… மாரி வேளாண்மைக்கு உங்களோட வயலுக்கு வரட்டா?" என்றான்.

ஹாஜியார் முதல்தடவையாக மருமகனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இதக் கேப்பீங்க எண்டு ஒரு வருசமாப் பார்த்துக்கிருக்கன், மாப்பிள்ளை" என்றார். "வயலுக்கு வாங்க எண்டு நானாக் கூப்பிட்டா, வெளிநாட்டுச் சம்பளக்காரன வேலைக்குக் கூப்பிடுறன் எண்டு நினைச்சிருவீங்களோ எண்டு எனக்குப் பயம்."

"நாளைக்கே கம்பெனிக்கு, இனி வரல்ல எண்டு சொல்லிருவன் மாமா" என்றான் ரிஸ்வான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.